புலம்பல் வாசித்த ஐந்து ஞாயிறுகள்

அந்த வருஷம் என்னோடு ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். ஒருத்தி மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்கிறாள். இரண்டு பேர் கல்யாணமாகி எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் கடல் உள்ளே வந்த அந்த வருஷத்தை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நான் சொல்லப்போவதும் அதைத்தான். அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு பங்கு எனக்கு உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. நைனா கைநாட்டு. அம்மாவுக்கு பஸ் நம்பர் தெரியும், பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெரியாது. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, மறைக்கப்போவதில்லை. அந்தக் கழுத்து பத்து வயதிலேயே நிமிர்ந்துதான் இருந்தது. நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் நடந்தது.

நெம்மேலிக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் எங்கள் குப்பம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசலிலிருந்து கடலுக்குப் போக, வெயிலில் கால் சுட நெடுந்தூரம் ஓட வேண்டும். முதலில் வலை காயும் இடம், பிறகு படகுகள், பிறகு நாங்கள் நண்டு துரத்தும் ஈர மணல், அதற்கும் அப்புறம்தான் தண்ணீர். சுனாமிக்கு மூன்று நான்கு வருஷம் கழித்து இந்த வரிசை ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. சுனாமி மாதிரி எழுந்து வந்திருந்தால் ஓடியிருப்போம். இது சத்தமில்லாமல் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நேற்று இருந்த மணல் ஒரு எட்டு குறைந்திருக்கும். கரையோரத் தென்னைகளின் வேர்கள் வெளியே தெரிந்தன, வாரப்படாத தலைமுடி மாதிரி. தரையில் உட்கார்ந்தால் அலை இடிப்பது இடுப்பெலும்பில் தெரிந்தது. அதிகாரிகள் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்கும் உறுதியில்லை.

உறுதியாகச் சொன்னவர் ஐயா ஒருவர்தான்.

ஐயா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் சம்பள வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து நமக்கு ஆராதனை நடத்துவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கவகிடு, கிட்டே போனால் முகப்பவுடர் வாசனை. அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வரவில்லை, அவர் கெட்டவரும் இல்லை. நம் படகுக்காரர் ஒருவருக்கு இன்ஜின் விசிறியில் கால் வெட்டுப்பட்டபோது, தன் வெள்ளைச் சட்டையைக் கிழித்துக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நம் சபைக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரம், இனி ஐந்து ஞாயிறு புலம்பலைத்தான் தியானிக்கப்போகிறோம் என்று அறிவித்தார். வேதத்தில் அது சின்னப் பகுதி, ஐந்தே அதிகாரம். எருசலேம் விழுந்த பிறகு அதன் இடிபாட்டில் நின்று அழுகிற பாட்டு. வாரத்துக்கு ஒரு அதிகாரம். அவரே வாசித்தால் நாலாவது வரியிலேயே நிஜமாகவே அழுதுவிடுவார். அதனால் வாசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொட்டகையில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தது நான் மட்டும்தான் என்று நான் நம்பினேன். நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள், தெரியும். ஆனால் ஐயா என்னைத்தான் கூப்பிட்டார்.

உயரம் போதாது என்று மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிற்கவைத்தார்கள். அவருடைய வேதாகமம் கனமாக இருக்கும். தாள் ஓரமெல்லாம் சிவப்பு. புரட்டினால் வெங்காயத் தோல் மாதிரி சத்தம். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கடல் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி வாசித்தேன். நேற்றுவரை ஜனம் நிறைந்திருந்த நகரம் இன்று புருஷனை இழந்தவளாகத் தனியே உட்கார்ந்திருக்கிறது, கன்னமெல்லாம் கண்ணீர், சிநேகிதர் ஒருவரும் தேற்ற வரவில்லை என்று தொடங்கும் பகுதி. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பாயில் அத்தை, நைனாவின் தங்கை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஃபைபர் போட்டில் போனவர் திரும்பி வரவில்லை. மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. நான் வாசிக்க வாசிக்க அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிந்து வரும்போது என் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொம்பள கத நல்லா கீது மருமவளே. அவளுக்கும் புருஷன் இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பொம்பள இல்லை அத்தை, ஊரு, என்று திருத்தினேன்.

"ஊருன்னா இன்னா? பொம்பள மாதிரிதான அழுவுது" என்றாள்.

ஐயா சொன்ன விளக்கம் அதுவல்ல. இது எருசலேமுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல, எந்தத் தேசம் தன் தேவனைவிட்டு விலகுகிறதோ அந்தத் தேசத்துக்கெல்லாம் முன்கூட்டியே எழுதி அனுப்பிய எச்சரிக்கை என்றார். வாசல்கள் மண்ணில் புதையும், பெரியவர்கள் பேச்சற்றுத் தரையில் உட்காருவார்கள், பிள்ளைகள் தாயிடம் சோறு எங்கே என்று கேட்டுத் தெருவில் சுருண்டு விழுவார்கள். ஏன்? விட்டு விலகினதால். இதைச் சொல்லிவிட்டு வலது கையைக் கடல் பக்கம் நீட்டி அப்படியே வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து இடித்தது. கொட்டகையில் எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது, எனக்கும்தான். தேசம் என்று அவர் எதைச் சொன்னாரோ, எனக்குத் தேசம் என்றால் வடக்கே மாமல்லபுரத்து லைட்அவுஸ் வெளிச்சத்திலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை வரைக்கும்தான்.

அந்தக் கோட்டைக்கு அவர் நம்மைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள், ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போனோம். ஈரச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாசனை. உச்சி இடிந்த மதில்மேல் எருக்கஞ்செடி. டச்சுக்காரர்களின் கல்லறைகளில் படகும் எலும்பும் செதுக்கியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தோம். இவர்களும் வேதம் வாசித்தவர்கள்தான், வியாபாரத்தில் தேவனை மறந்தார்கள், பாருங்கள் எங்கே இருக்கிறார்கள் என்றார் ஐயா. சங்கு மாலை விற்கிறவளே, நீதான் கேட்டாய், மறக்காதவர்கள் கட்டின கோட்டை எங்கே இருக்கிறது ஐயா, அதையும் பார்க்கலாமா என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் உன்னிடம் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறுதான் அந்த பிஸ்கட் டின் வந்தது. நீல நிறம், மூடியில் பூப்போட்டிருக்கும். விழுந்த நகரத்து ஜனங்கள் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டார்கள், நாமும் அறிக்கையிட வேண்டும் என்றார் ஐயா. ஒவ்வொருவரும் எந்த விதத்தில் தேவனைவிட்டு விலகினார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இந்த டின்னில் போட வேண்டும். ஐந்தாவது ஞாயிறு எல்லாவற்றையும் சேர்த்துக் கடற்கரையில் கொளுத்திவிடலாம், அதோடு கடலும் நிற்கும்.

எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அதாவது, ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும். ஐயா எனக்கு ஒரு பச்சை மை பேனா கொடுத்தார். டாக்டர்களும் ஹெட்மாஸ்டரும் மட்டும் வைத்திருக்கிற மாதிரி பேனா. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தன் பாவத்தைச் சொன்னவர்கள் குறைவு. ஒருத்தி, எழுதிக்கோ, சாராயம், என்றாள். நீங்களா என்று நான் விழித்தபோது, நான் இல்லடி, உங்க மாமா, என்றாள். இன்னொருத்தி தன் மாமியார் செய்த பாவங்களைச் சொல்ல ஆரம்பித்ததில் எனக்கு மூன்று சீட்டு தேவைப்பட்டது. பக்கத்து அறையிலிருந்து மாமியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டின்னை இங்க கொண்டா, நானும் சொல்றேன் என்று கூப்பிட்டாள். மற்றவர்கள் பொய், கோபம், பொறாமை என்று வெறும் வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்து வயசுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வார்கள்?

அத்தை வீட்டுக்குப் போனபோது அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் வீடுதான் நம் வரிசையிலேயே கடலுக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது. பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு மணல்தான் மிச்சம்.

"எய்திக்கோ. கொயந்தைக்கு அம்மை வந்தப்ப கோயிலுக்கு நேந்துகினு ஆடியில கூழு ஊத்தினேன்."

நான் பேனாவை நிறுத்தினேன். அந்தப் பங்குனியில் அம்மை எனக்கும்தான் போட்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்காகவும்தான் வேண்டிக்கொண்டார்கள். ஆடி மாதம் விடியற்காலையில் கேழ்வரகுக் கூழ்ப் பானையை அம்மன் கோயிலுக்குத் தலையில் சுமந்துகொண்டுபோனது அம்மா. அத்தை பின்னால் வேப்பிலையோடு போனாள். கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொண்டு மூன்று சொம்பு குடித்தது நான். நைனாவும் குடித்தார். சபையில் சேர்ந்து வருஷக்கணக்காக ஆகியிருந்தாலும், குழந்தைக்கு அம்மை என்றால் நம் பெண்களுக்கு வேறு வழி தெரியாது. உங்கள் வீட்டிலும் செய்திருப்பார்கள், செய்யாத வீடு நம் குப்பத்தில் உண்டா?

அம்மாவும் வந்தாங்களே என்றேன்.

"உங்கம்மா பாவத்த உங்கம்மா சொல்லுவா. நீ என்னுத எய்து."

எழுதினேன். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் முத்து முத்தாக. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிராமல், எனக்குக் கோபம் வரும், அதை எழுது என்றாள். கூழ் ஊற்றினது என்று இழுத்தேன்.

"அது இன்னாடி பாவம்? நீ பொழைக்கோணும்னு செஞ்சது."

அம்மா அதை ஒளிக்கவில்லை. அவள் கணக்கில் அது பாவமே இல்லை, அவ்வளவுதான். கோபம் என்று எழுதி மடித்துப் போட்டேன்.

என் தவறு இங்கேதான். சீட்டில் பாவத்தை எழுதச் சொன்னார் ஐயா. பெயர் எழுதாதே என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெயரில்லாத பரீட்சைத் தாளை டீச்சர் திருத்தவே மாட்டார், தனியே ஒதுக்கிக் கல்லை வைத்துவிடுவார். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான், பெயரை எழுதி அடிக்கோடு போடுவது. பெயரில்லாவிட்டால் தேவன் யாரை மன்னிப்பார் என்று நான் பயந்தேன். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பெயர், பக்கத்தில் தேதி, கீழே ஸ்கேல் வைத்து ஒரு பச்சைக் கோடு. எழுதத் தெரியாத அந்தப் பெண்களுக்கு நான் என்னென்ன எழுதினேன் என்று தெரியாது.

மூன்றாவது ஞாயிறு வேறொரு செய்தி வந்தது. ஏதோ ஒரு உதவி அமைப்பு, கடலை ஒட்டியிருக்கிற நம் சபைக் குடும்பங்களுக்காக ரோட்டுக்கு மேற்கே வீடு கட்டித் தருகிறது. கான்கிரீட் தளம், கக்கூஸ், கரண்ட். ஆனால் பன்னிரண்டு வீடுதான். அந்த வரிசையில் இருந்த நம் குடும்பங்கள் பதின்மூன்று. பன்னிரண்டு தேவனுடைய எண், இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு என்று ஐயா முகம் மலர்ந்து சொன்னார். கொட்டகையில் யாரும் மலரவில்லை. எல்லாரும் மனசுக்குள் வீட்டுக் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் தெருக்குழாயில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கமிட்டி ஆண்கள் இரண்டு தடவை கூடிப் பேசியும் யாரை விடுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள்.

நாலாவது ஞாயிறு நல்ல மழை. ஷீட்டின்மேல் மழைச் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. மழை விட்டதும் ஐயா எழுந்து நின்றார். கையில் டின். பிரசங்கத்துக்காக, ஜனத்தின் பாவம் எது என்று அறிய நான் இதைத் திறந்தேன் என்றார். முக்கால்வாசிச் சீட்டுகளில் மனுஷ பலவீனம்தான் இருக்கிறது, ஒன்றில் மட்டும் வேதம் சொல்கிற அந்தப் பாவமே இருக்கிறது, தேவனை விட்டு வேறொன்றிடம் போன பாவம். அவருக்கும் இது எளிதாக இருந்திருக்காது. அத்தையின் பெயரைச் சொன்னார்.

அத்தை குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். யார் சொன்னது என்பதுபோல் சுற்றிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"இது உண்மைதானா மகளே?"

"உண்மைதான் ஐயா."

"நீ மட்டும்தானா? கூட யாரும் உண்டா?"

அத்தை உடனே பதில் சொல்லவில்லை. ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அலை ஒரு தடவை இடித்தது, இன்னொரு தடவை இடித்தது. என் முட்டிமேல் அம்மாவின் கை வந்து விழுந்தது. விரல்கள் சதையில் பதிய அழுத்தின. ஆண்கள் பக்கம் நைனா, பாயில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் கூழ் குடிக்காத வாய் எத்தனை இருந்திருக்கும்? யாரும் வாய் திறக்கவில்லை.

"நான் மட்டுந்தான் ஐயா" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கமிட்டிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிறவர்களுக்குச் சபையின் நன்மை சேராது என்று தீர்மானம் ஆனது. பன்னிரண்டு பேரும் நிம்மதியாக மூச்சுவிட்டதை நான் கேட்டேன், மழைக்குப் பிறகு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஐயா என் தலையில் கைவைத்து, நீ பேர் எழுதி வச்சது நல்லதாப் போச்சு பிள்ள, வாசி, என்றார். பெட்டிமேல் ஏறி நாலாவது அதிகாரத்தை வாசித்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் வாசித்தேன். என் குரல் அன்று மிக நன்றாக இருந்தது என்று பிறகு பல பேர் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் நைனாவிடம், நாமும்தானே ஊற்றினோம், போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் நாலு பக்கமும் பார்த்தார்.

"பன்னெண்டுல நம்ம வூடு கீது. வாய மூடிகினு வா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, அவ எங்கூடப் பொறந்தவடி, என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அத்தையின் வீடு அந்த வியாழக்கிழமை விழுந்தது. பட்டப்பகல், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். தகவல் கேட்டு ஓடிவந்தபோது பின்சுவர் போயிருந்தது. வீட்டுக்குள் நின்று பார்த்தால் நேரே கடல். ஆண்கள் அவசர அவசரமாகக் கூரை ஓடுகளை இறக்கினார்கள், நைனா வாசல் நிலையைக் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தார். அத்தை அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது, மேலே சோற்றுப் பானையோடு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை மடிந்து, அடுப்பு நெருப்போடு தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு சீறல், வெள்ளையாகப் புகை, அவ்வளவுதான். அத்தை அழவில்லை. குழந்தைதான், பசிக்குது, சோறு எங்கே, என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து ஊட்டினாள். அத்தை அதைத் தடுக்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

எங்களோடு வந்து இரு என்று நைனா கூப்பிட்டார். அவள் மறுநாள் காலை பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய்விட்டாள். தெரிந்தவர் ஒருவர் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கும் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

ஐந்தாவது ஞாயிறு சீட்டுகளைக் கரையில் கொளுத்தினோம். ஈரக் காற்றில் சரியாகப் பற்றவில்லை, பாதி எரிந்ததை அலையே எடுத்துக்கொண்டது. கடைசி அதிகாரத்தை நான்தான் வாசித்தேன். கடல் நிற்கவில்லை. நாங்கள் பன்னிரண்டு குடும்பமும் தை மாதம் மேற்கே குடிபோனோம். அடுத்த மழைக்குச் சபைக் கொட்டகையும் போனது. சிலுவை வைத்த சுவர் சாய்ந்தபோது ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை யாருடைய பெயரும் அவர் வாயில் வரவில்லை. ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது நம் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து அழுதார். அந்தப் பச்சைப் பேனா எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. டின்னை யாரோ உப்புப் போட்டு வைத்துத் துருப்பிடிக்கவிட்டார்கள்.

அந்தப் புதுவீட்டு டியூப்லைட்டின் கீழேதான் நான் பத்தாவது படித்தேன், பன்னிரண்டாவது படித்தேன். நம் குப்பத்திலிருந்து முதலில் பட்டம் வாங்கிய பெண் நான். கல்லூரி நாட்களில் ஒருமுறை, யாரும் சொல்லாமல், புலம்பலை நானாகவே எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். எச்சரிக்கைதான், ஐயா சொன்னது தவறில்லை. கடவுளை விட்டுவிட்ட தேசம் எப்படிக் கிடக்கும் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதைப் பாடுகிறவர் ஒரு இடத்திலும் கை நீட்டி இவள்தான் என்று காட்டவில்லை. கடைசி அதிகாரம் முழுக்க நாங்கள், நாங்கள் என்றே போகிறது. எங்கள் வீடு, எங்கள் தண்ணீர், எங்கள் பாவம். ஐந்தாவது ஞாயிறு அதை என் வாயாலேயே வாசித்திருக்கிறேன். அந்த ஜனம் தேவனை விட்டு விலகியது சிலைகளிடம் போனதால் மட்டுமில்லை, நீதிமான்களின் இரத்தத்தைத் தங்கள் நடுவிலேயே சிந்தவிட்டதாலும்தான் என்று நாலாவது அதிகாரத்திலேயே இருக்கிறது. நம் குப்பம் தேவனை விட்டு விலகிய நாள் எது என்று என்னைக் கேட்டால், ஆடி மாதத்துக் கூழ் நாளைச் சொல்லமாட்டேன். நாலாவது ஞாயிறைச் சொல்வேன். சொல்லி என்ன செய்ய? எல்லாம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த வருஷம் பள்ளி திறந்த வாரம் அத்தையைப் பார்த்தேன். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே தள்ளுவண்டியில் நாஸ்தா கடை வைத்திருக்கிறாள் என்று நைனா சொல்லியிருந்தார். அவர் மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் அதே ஊரில் வேலைக்குப் போய்வந்தும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அன்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். தலை நரைத்திருந்தது. தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றுக் கட்டையால் தேய்த்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, வழி தெரிஞ்சிதா?" என்றாள்.

நாலு இட்லி வைத்தாள். கூட்டம் குறைகிற வரைக்கும் நின்றேன். பிறகு சொன்னேன். சீட்டுகளில் பெயர் எழுதியது நான், யாரும் சொல்லாமல் நானாக எழுதினேன், அதனால்தான் உங்கள் பெயர் வெளியே வந்தது என்று. இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். அவள் திட்டுவாள் அல்லது அழுவாள், இரண்டில் எதற்கும் தயாராக இருந்தேன்.

"அது தெரியுமே" என்றாள். "நீ கொயந்த. ஒனக்கு இன்னா தெரியும்?"

ஒரு ஆளுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். என் தட்டில் கேட்காமலேயே சட்னி ஊற்றினாள்.

"கூட யாரும் உண்டான்னு கேட்டாரு பாரு. நான் எவ்ளோ நேரம் சும்மா நின்னேன், தெரியுமா? பேர் சொல்றதுக்கு இல்ல. அண்ணி தானா எய்ந்து நிப்பாங்கன்னு. பக்கத்துல வந்து நின்னுருந்தா போதும். வூடு போனா போவட்டும், ரெண்டு பேரா போயிருப்போம்."

கல்லுக்கு எண்ணெய் தடவி அடுத்த தோசையை ஊற்றினாள். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்க்கும்படியும் சொன்னாள். வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது முட்டிவலி, அதிகம் நடக்க முடிவதில்லை. எங்கே போயிருந்தேன் என்பதை நைனா சொல்லியிருக்க வேண்டும். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"நல்லா கீறாளா?"

"நல்லா கீறாங்க."

"இன்னா சொன்னா?"

முறத்தில் நொய் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கமாகப் பிரிந்துகொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்துக்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"உங்கள விசாரிச்சாங்கம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அதை அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேற்கொண்டு அவள் கேட்கவும் இல்லை. வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டேன்.